அப்சர்வர் “அது ஃபவுலே இல்லை” என்றால்: கூடைப்பந்து நடுவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூனியர் பையன்களுக்கான ஒரு மாவட்டப் போட்டி. மூன்றாவது குவார்ட்டரில் இன்னும் 4 நிமிடம் 12 நொடி பாக்கி. வெள்ளை அணியின் 7ஆம் எண் வலது பக்கத்திலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு கூடையை நோக்கி வந்தான். நீல அணியின் 11ஆம் எண் குறுக்கே வந்து இரண்டு காலையும் ஊன்றினான். பிறகு வந்தவனின் வேகத்துக்கு ஈடாகப் பின்னால் நகர்ந்தான். நெஞ்சோடு மோதல், இருவரும் தரையில். கூடைக்குப் பின்னால் உள்ள எண்ட் லைனில் லீட் நடுவராக நின்றது நான். விசில் அடித்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து பிளாக், அதாவது தடுத்தவன் மேல் ஃபவுல் என்று காட்டினேன்.

ஆட்டம் முடிந்ததும், நடுவர்களைக் கவனித்து மதிப்பெண் போட வந்திருந்த அப்சர்வர் நோட்டைப் பிரித்தார்.

“தம்பி, அந்த 11 மேல கொடுத்தது தப்பு. அவன் அசையாம நின்னான். பந்தோட வந்தவன் மேல ஃபவுல், சார்ஜ்தான் அது.”

“இல்ல சார், அவன் நகர்ந்துக்கிட்டே இருந்தான்.”

“நின்னான்பா.”

“நகர்ந்தான் சார், நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

கால் மணி நேரம் இதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, முகம் கொடுத்துப் பேசாமல் பிரிந்தோம். மறுநாள் ஒரு பையனின் அப்பா மொபைலில் எடுத்திருந்த வீடியோ கிடைத்தது. 11 நகர்ந்துதான் இருந்தான். ஆனாலும் அது சார்ஜ். சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபாவின் விதி 33 இதைத் தெளிவாகவே சொல்கிறது: எதிராளியைப் பார்த்தபடி, இரண்டு காலும் தரையில் படும்படி ஒருமுறை முறையான தடுப்பு நிலையை எடுத்துவிட்ட டிஃபெண்டர், அதைக் காப்பாற்றிக்கொள்ளப் பக்கவாட்டிலோ பின்னாலோ நகரலாம், நேராக மேலே குதிக்கலாம். சிலை மாதிரி நிற்க வேண்டியதில்லை. மோதல் அவன் நெஞ்சில் விழுந்தால் பொறுப்பு பந்தோடு வந்தவனுடையது.

அப்சர்வர் பார்த்தது தப்பு, சொன்ன முடிவு சரி. நான் பார்த்தது சரி, கொடுத்த முடிவு தப்பு. நாங்கள் கால் மணி நேரம் மல்லுக்கட்டியது, முடிவோடு சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வியில். “சரி, நகர்ந்தான் என்றே வைத்துக்கொள்வோம், அப்போது விதி என்ன?” என்று எங்களில் ஒருவர் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அதற்கப்புறம் பல அப்சர்வர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு வந்திருக்கிறது. இளம் நடுவர்களுக்கு நானே அப்சர்வராகவும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

## படி 1: விசிலுக்கு முன்பே பேசிவிடுங்கள்

பெரும்பாலான மனக்கசப்பு ஆட்டம் தொடங்கும் முன்பே விதைக்கப்படுகிறது. அப்சர்வர் எங்கே உட்காரப்போகிறார், எதைக் கவனிக்கப்போகிறார், ஆட்டம் முடிந்து எப்போது பேசுவார் என்பதெல்லாம் தெரியாமலேயே நாம் களத்தில் இறங்கிவிடுகிறோம். முன்கூட்டிப் போய் வணக்கம் சொல்லி, “சார், இன்னைக்கு எதையாவது குறிப்பா கவனிக்கப்போறீங்களா?” என்று கேட்டுவிடுங்கள். சிலர் “கூடைக்குப் பக்கத்துல, போஸ்ட்ல நடக்கிற தள்ளுமுள்ளை யாருமே பார்க்கிறதில்லை, அதைப் பாருங்க” என்பார்கள். சிலர் “ஒண்ணுமில்ல, போங்க” என்பார்கள். இரண்டுமே உங்களுக்கு ஒரு தகவல்தான்.

இன்னொன்று, விதிப்புத்தகத்தின் எந்தப் பதிப்பு என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபிபா விதிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன. திருத்தம் பொதுவாக அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வரும். நான்காவது குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போடுபவர் (த்ரோ-இன்) கையிலேயே பந்து இன்னும் இருக்கும்போது டிஃபெண்டர் செய்யும் ஃபவுலுக்கு ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும் என்பது 2022 திருத்தத்தில் வந்தது. நமக்கு மதிப்பெண் போட வருபவர்களில் பலர் இருபது, முப்பது ஆண்டு விசில் அடித்தவர்கள். அனுபவத்தில் அவர்கள் பக்கத்தில் நிற்க எனக்கு இன்னும் தகுதி வரவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அனுபவம் புதுப் பதிப்பைப் படித்ததற்கு ஈடாகிவிடாது. இது அவர்களுக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும். கிட் பேகில் விதிப்புத்தகத்தோடு, ஃபிபா தனியாக வெளியிடும் அதிகாரபூர்வ விளக்கங்களின் அச்சுப் பிரதியையும் வைத்திருங்கள். ஒரு விதியை உதாரணத்தோடு பிரித்துச் சொல்வது அந்த இரண்டாவது ஆவணம்தான்.

## படி 2: இடைவேளையில் வாதாடாதீர்கள்

ஃபிபா விதிப்படி அரைநேர இடைவேளை 15 நிமிடம். நம்மூர்ப் போட்டிகளில் அதுவும் சுருங்கிவிடும். அந்த நேரத்தில் அப்சர்வர் வந்து, “பந்தோட கூடையை நோக்கி டிரைவ் பண்றவன் இடுப்புல கை வச்சுத் தடுக்கிறானுங்க, ஒண்ணையும் எடுக்கலையே” என்றால், “சரி சார், பார்த்துக்கறோம்” என்பதுதான் பதில். மனத்துக்குள் உடன்பாடு இல்லாவிட்டாலும் இதுதான் பதில். அங்கே ஒரு ப்ளேயை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கம் கொடுக்க நேரமும் கிடையாது, இரண்டாவது பாதிக்குத் தேவையான தெளிந்த மனமும் போய்விடும்.

அவர் சொன்னதை மூன்று நடுவர்களும் சேர்ந்து பேசுங்கள். உண்மையிலேயே விட்டுவிட்டோம் என்று பட்டால் மூன்றாவது குவார்ட்டரின் முதல் பொசஷனிலிருந்தே மூவரும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்து மற்ற இருவர் விட்டால் ஆட்டம் கெட்டுப்போகும். அதைவிடப் பெரிய ஆபத்து, முதல் பாதியில் விட்டதற்கு ஈடுகட்டுவதாக நினைத்து இல்லாத ஃபவுலுக்கு விசில் அடிப்பது. அப்சர்வர் சொன்ன தவறு ஒன்று, அதற்குப் பரிகாரமாக நீங்கள் செய்தது இன்னொன்று என்று நோட்டில் இரண்டு குறி விழும். பையன்களுக்கோ, எதை நம்பி ஆடுவது என்றே தெரியாமல் போகும்.

## படி 3: ஆட்டம் முடிந்ததும் முதலில் தண்ணீர் குடியுங்கள்

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. 40 நிமிட ஆட்ட நேரம் என்றாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடியிருப்பீர்கள். கேலரியிலிருந்து வந்த வசவு இன்னும் காதில் இருக்கும். பெரியகுளத்திலும் கோவையிலும் மே மாத அகில இந்தியப் போட்டிகளில் விசில் அடித்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தின் சத்தம் தெரியும். ஸ்கோர்ஷீட்டைச் சரிபார்த்துத் தலைமை நடுவர் கையெழுத்துப் போட்டதும் ஆட்டத்தோடு நம் தொடர்பு முடிந்துவிடுகிறது. முடிவு இனி மாறாது. இப்போது பேசப்போவது அடுத்த ஆட்டத்துக்காக.

பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையை மாற்றுங்கள். உங்கள் நோட்டில், நினைவில் உறுத்திக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று ப்ளேயைக் குவார்ட்டர், நேரம், எண் போட்டு எழுதுங்கள். அப்சர்வர் பேசும் முன்பே எழுதுவது முக்கியம். அவர் பேசிய பிறகு எழுதினால், அவர் வர்ணித்ததே உங்கள் நினைவாக மாறிவிடும்.

அப்புறம் போய் உட்கார்ந்து, முழுதாகக் கேளுங்கள். அவர் ஐந்து விஷயம் சொல்ல நினைத்திருப்பார். முதல் விஷயத்திலேயே நீங்கள் குறுக்கே புகுந்தால் மீதி நான்கு உங்களுக்குக் கிடைக்காது. அந்த நான்கில் ஒன்றுதான் உங்களை அடுத்த நிலைக்குக் கொண்டுபோகக்கூடியதாக இருக்கும்.

## படி 4: முரண்பாட்டை நான்காகப் பிரியுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர். “ஃபவுல்”, “ஃபவுல் இல்லை” என்று இருவர் வேறு வேறாகச் சொல்லும்போது, உண்மையில் நான்கில் ஏதோ ஒரு இடத்தில்தான் வழி பிரிந்திருக்கும். எங்கே நின்று பார்த்தோம், என்ன நடந்தது, விதி என்ன, அந்தத் தொடுதலால் ஆட்டத்துக்கு என்ன ஆனது. எந்த இடத்தில் பிரிகிறோம் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எங்கே நின்றோம். பேச்சை எப்போதும் இங்கிருந்தே தொடங்குங்கள். “சார், நான் அப்போ ட்ரெயில்ல, அதாவது ஆட்டத்துக்குப் பின்னால, மூணு பாயிண்ட் கோட்டுக்கு வெளியே நின்னேன். அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த இடைவெளி எனக்குத் தெரிஞ்சுது. நீங்க எந்தப் பக்கத்திலேருந்து பார்த்தீங்க?” இப்படிக் கேட்டால் வாதம் விசாரிப்பாக மாறிவிடும். டேபிளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கால்கள் நன்றாகத் தெரியும், தூரம் தெரியும். எதிர்ப்பக்க முழங்கையில் விழுந்த அடி தெரியாது. லீட் நடுவருக்கு இடுப்புக்குக் கீழே நடப்பது கண்ணெதிரே இருக்கும். ஆனால் இரண்டு முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வந்துவிட்டால் நடுவில் என்ன நடந்தது என்று யூகிக்கத்தான் முடியும்.

இங்கே நேர்மை வேண்டும். நீங்கள் நேர்கோட்டில் மாட்டிக்கொண்டிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். “சார், ரெண்டு பேரும் ஒரே கோட்டுல வந்துட்டாங்க. எனக்கு இடைவெளி தெரியல. சத்தம் கேட்டு அடிச்சுட்டேன்.” இந்த ஒரு வாக்கியம் சொன்ன நடுவரை எந்த அப்சர்வரும் குறைத்து எண்ணி நான் பார்த்ததில்லை. நானே அப்சர்வராக இருந்தபோது ஒரு பெண் இப்படிச் சொன்னாள். “ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தா தெரிஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த ப்ளேக்குப் போய்விட்டேன். பேச்சு முப்பது நொடிகூட நீளவில்லை.

என்ன நடந்தது. தீர்ப்புச் சொற்களை ஒதுக்கிவிட்டு உடல் உறுப்புகளால் பேசுங்கள். “நல்லா அடிச்சான் சார்” என்பதில் எந்தத் தகவலும் இல்லை. “ஷாட் கையிலேருந்து கிளம்பறதுக்கு முன்னாடி, 9ஆம் எண்ணோட இடது கை ஷூட்டரோட மணிக்கட்டுல பட்டுது” என்றால் அதை ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ முடியும். பந்தைவிட டிஃபெண்டரைக் கவனியுங்கள் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்வதன் பயன் இங்கேதான் தெரியும். பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரால் டிஃபெண்டரின் கால் எப்போது ஊன்றியது என்று சொல்லவே முடியாது.

விதி என்ன. இந்த இடத்தில் மட்டும்தான் ஒருவர் முழுதாகச் சரி, இன்னொருவர் முழுதாகத் தப்பு என்று இருக்க முடியும். அதனால் இங்கே உறுதியாக நிற்கலாம். அடிக்கடி சண்டை வரும் இடங்கள் சில:

முதலாவது, பிளாக்கா சார்ஜா. பந்து வைத்திருப்பவனைத் தடுக்கும்போது நேரம், தூரம் என்ற கணக்கே கிடையாது. நொடிக்கும் குறைவான நேரத்தில் டிஃபெண்டர் எதிரே வந்து நின்றாலும் பந்தோடு வருபவன் நிற்கவோ திசை மாறவோ தயாராக இருக்க வேண்டும். “அவனுக்கு நிக்க நேரமே குடுக்கலையே” என்ற வாதம் பந்து இல்லாதவனுக்குத்தான் செல்லும். ஆனால் பந்தோடு வந்தவன் ஏற்கெனவே காற்றில் எழும்பிவிட்டால் கதையே வேறு. அவன் கிளம்பும்போது காலியாக இருந்த இறங்குமிடத்தில் பிறகு போய் நிற்க யாருக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது, கூடைக்குக் கீழே உள்ள 1.25 மீட்டர் ஆரம் கொண்ட அரைவட்டம். அதற்குள் மோதினால் சார்ஜே கிடையாது என்று பலர் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். பந்தோடு வருபவன் காற்றில் இருக்க வேண்டும், ஷாட்டோ பாஸோ முயன்றிருக்க வேண்டும், டிஃபெண்டரின் ஒரு காலாவது அந்த அரைவட்டத்தைத் தொட்டிருக்க வேண்டும். இது மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. அப்போதும் அவன் கையாலோ முழங்காலாலோ டிஃபெண்டரை முறைகேடாகத் தள்ளியிருந்தால் அது அவன் மேல் ஃபவுல்தான்.

மூன்றாவது, நேராக மேலே குதித்த டிஃபெண்டர். கையை உயர்த்தி, தன் உருளைக்குள்ளேயே எழும்பியவனைத் தண்டிக்கக் கூடாது. உருளை என்றால் முன்னால் உள்ளங்கை வரை, பின்னால் பிட்டம் வரை, பக்கவாட்டில் கை கால்களின் வெளி விளிம்பு வரை அவனுக்குச் சொந்தமான கற்பனை இடம். கூடைக்குப் பக்கத்தில் எழும்பிச் சின்னப் பையன் போடும் லே-அப்பை உயரமான பையன் தடுக்கும்போது சின்னவன் கீழே விழுவதை வைத்து நாம் பரிதாபத்தில் விசில் அடித்துவிடுகிறோம். என் தொடக்க காலத்தில் அப்சர்வர்கள் எனக்குப் போட்ட குறிகளில் பாதி இதற்காகத்தான் இருக்கும். அவர்கள் போட்டது நியாயம்.

விதியில் முரண்பாடு என்று தெரிந்ததும் குரலை உயர்த்தாமல் புத்தகத்தை எடுங்கள். “சார், நான்தான் தப்பாப் படிச்சிருக்கேனோ என்னவோ, ஒருதடவை சேர்ந்து பார்த்துடலாமா?” இதை நடிப்பாகச் சொல்ல வேண்டாம். உண்மையிலேயே தப்பாகப் படித்திருப்பதற்கான வாய்ப்பு எப்போதும் உண்டு; 11ஆம் எண் விஷயத்தில் எனக்கு அதுதான் நடந்தது.

ஆட்டத்துக்கு என்ன ஆனது. தொட்டான் என்பதில் இருவரும் ஒன்று, விதியிலும் ஒன்று, ஆனாலும் “அதை விட்டிருக்கணும்” என்கிறார் அப்சர்வர். தொடுதல்களை எடைபோடும்போது விதிகளின் நோக்கம், சாதகம் பாதகம் என்ற அளவுகோல், பொது அறிவு, ஆட்டத்தைக் கட்டுக்குள் வைப்பதற்கும் ஓடவிடுவதற்கும் இடையிலான சமநிலை ஆகியவற்றை ஒரே சீராகக் கடைப்பிடிக்கச் சொல்கிறது ஃபிபா விதி 47. சாதகம் பாதகத்தை எடைபோட அமெரிக்க நடுவர்கள் நான்கு கேள்வி வைத்திருக்கிறார்கள்: ஆடுபவனின் தாளம் குலைந்ததா, வேகம் குறைந்ததா, சமநிலை தவறியதா, சுறுசுறுப்புப் போனதா? நான்கில் ஒன்றுகூடப் பாதிக்கப்படாத உரசலுக்கு விசில் வேண்டாம்.

இந்த நான்காவது வகை முரண்பாட்டில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. இங்கே அப்சர்வர் சொல்வதை ஏற்றுக்கொண்டுவிடுங்கள். அவர் அந்தத் தொடரில் இருபது ஆட்டம் பார்க்கிறார், நீங்கள் மூன்றோ நான்கோ விசில் அடிக்கிறீர்கள். காலையில் ஆடிய அணிக்கும் மாலையில் ஆடும் அணிக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டுமென்றால் அதை ஒருவர்தான் பிடித்துக்கொண்டிருக்க முடியும். உங்கள் அளவுகோல் அவருடையதைவிட நல்லதாகவே இருக்கலாம். ஆனாலும் ஆறு நடுவர்கள் ஆறு நல்ல அளவுகோலோடு இறங்கினால் ஆடும் பையன்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

## படி 5: வீடியோவைச் சாட்சியாக வையுங்கள், ஆயுதமாக எடுக்காதீர்கள்

இப்போது எந்தப் போட்டியிலும் நாலு மொபைலாவது ஓடிக்கொண்டிருக்கிறது. கிடைத்தால் வாங்கிப் பாருங்கள், ஆனால் முதலில் தனியாகப் பாருங்கள். மூன்று முறை சாதாரண வேகத்தில். அதன் பிறகுதான் மெதுவாக ஓட்ட வேண்டும், அதுவும் கால் எப்போது ஊன்றியது, பந்து எப்போது கையை விட்டது போன்ற நேரக் கேள்விகளுக்கு மட்டும். மெதுவாக ஓட்டினால் எல்லாத் தொடுதலும் பலமான அடியாகத் தெரியும். லேசாக உரசிய கை, ஏதோ வேண்டுமென்றே இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். அந்தக் காட்சியை வைத்துக்கொண்டு “இது அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக்”, அதாவது சாதாரண ஃபவுலைவிடக் கடுமையானது என்று சாதிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீடியோ உங்கள் பக்கம் இருந்தால் பத்துப் பேர் முன்னால் அப்சர்வர் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். தனியாக இருக்கும்போது, “சார், நேத்து பேசின அந்த ப்ளே கிடைச்சுது, பார்க்கறீங்களா?” என்று கேளுங்கள். வீடியோ அவர் பக்கம் இருந்தாலும் போய்க் காட்டுங்கள். இந்த இரண்டாவதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. செய்தவர்கள் அடுத்தமுறை “இல்லை சார், அது ஃபவுல்தான்” என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு எடை இருக்கும்.

இந்த வேலையை வெளிப்படையாகச் செய்வது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ. 2015 மார்ச் முதல், நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்களை ஒவ்வொரு ப்ளேயாக மதிப்பிட்டு அறிக்கை வெளியிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கில் ஒரு குறி: சரியான விசில், தவறான விசில், விசில் அடிக்காதது சரி, விசில் அடிக்காதது தவறு. நடுவர்களின் சங்கமே இந்த அறிக்கையை நிறுத்த வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டது. தனியறையில் பேச வேண்டியதை ஊர் முன்னால் போடுவதில் எனக்கும் உடன்பாடு இல்லை. ஆனால் அந்த நான்கு கட்டத்தை நம் நோட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அடித்த விசிலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நமக்கு, அடிக்காமல் விட்டதும் ஒரு தீர்ப்புதான் என்பதை அது ஞாபகப்படுத்துகிறது.

2023 ஜனவரி 28, பாஸ்டனில் லேக்கர்ஸும் செல்டிக்ஸும் ஆடிய ஆட்டம். 105–105 என்று சமநிலை, வழக்கமான நேரத்தின் கடைசி நொடிகள். லெப்ரான் ஜேம்ஸ் லே-அப் போட எழும்பும்போது ஜேசன் டேட்டமின் கை அவர் கையில் பட்டது. விசில் வரவில்லை. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் செல்டிக்ஸ் 125–121 என்று வென்றது. அன்றிரவே தலைமை நடுவர், தொடுதல் இருந்தது, களத்தில் நாங்கள் அதைப் பார்க்கவில்லை என்று செய்தியாளரிடம் ஒப்புக்கொண்டார். மறுநாள் நடுவர்களின் சமூக ஊடகக் கணக்கு, தவறு செய்துவிட்டோம், இது எங்களைத் தூங்கவிடாது என்ற பொருளில் எழுதியது. உலகின் உச்சத்தில் விசில் அடிப்பவர்களுக்கே இது நேர்கிறது. நம் மாவட்ட ஆட்டத்தில் அப்சர்வர் ஒரு தவறைக் காட்டினால் ஒப்புக்கொள்வதில் என்ன குறைந்துவிடும்?

## படி 6: கூட்டாளியைக் கைவிடாதீர்கள்

அப்சர்வர் சொல்லும் தவறான விசில் உங்கள் கூட்டாளியுடையதாக இருக்கலாம். “அது நான் இல்ல சார், அவர் அடிச்சது” என்று வாயில் வருவதை விழுங்கிவிடுங்கள். ஒரு நடுவரின் அதிகார எல்லைக்குள் எடுத்த முடிவை இன்னொரு நடுவர் கேள்வி கேட்கவோ ஒதுக்கவோ முடியாது என்று விதியே சொல்கிறது. களத்தில் கடைப்பிடித்ததை அறையிலும் கடைப்பிடியுங்கள். அவரே பேசட்டும். உங்களிடம் கேட்டால் மட்டும், உங்கள் இடத்திலிருந்து தெரிந்ததைச் சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவில் “இன்னைக்கு அப்சர்வர் சொன்னதைக் கேட்டீங்களா” என்று தொடங்காதீர்கள். கோச்சுகளிடமும் பேசக் கூடாது. இதற்கு மேல் இதில் விளக்க எதுவும் இல்லை.

## படி 7: எழுத்தில் கொடுக்க வேண்டிய நேரம்

ஒரே ஒரு ப்ளேக்காகக் கடிதம் எழுத வேண்டாம். மூன்று சூழலில் எழுதலாம்: விதியை அப்சர்வர் தவறாகச் சொல்லி, பல நடுவர்களும் அப்படியே பின்பற்றத் தொடங்கிவிட்டால், தவறான விதி விளக்கத்தால் உங்கள் தரம் குறைக்கப்பட்டால், மதிப்பீடு என்ற பெயரில் மரியாதைக் குறைவாகப் பேசினால்.

எனக்கு மூன்றாவது நடந்திருக்கிறது. ஆடுகளத்தின் ஓரத்தில், இரண்டு அணியும் பை கட்டிக்கொண்டிருக்கும்போது, “உனக்கெல்லாம் யார் விசில் குடுத்தது” என்று ஒருவர் கேட்டார். நான் எதுவும் சொல்லாமல் வெளியே வந்து பேருந்து நிலையம் வரை நடந்தேன். மறுநாள் காலையில் நடுவர் குழுவின் பொறுப்பாளருக்கு எழுதினேன். கோபத்தோடு எழுதிய முதல் கடிதத்தைக் கிழித்துவிட்டு இரண்டாவதைத்தான் கொடுத்தேன். அது இப்படித்தான் இருந்தது:

“ஐயா, நேற்றைய இரண்டாவது ஆட்டத்துக்குப் பின் என் விசில்கள் பற்றிய மதிப்பீடு வீரர்கள் முன்னிலையில் நடந்தது. சுட்டிக்காட்டிய மூன்று ப்ளேக்களில் இரண்டை நான் ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது, நான்காவது குவார்ட்டரில் 2:40 நேரத்தில் கொடுத்த சார்ஜ். டிஃபெண்டர் நிலை எடுத்த பிறகே மோதல் நடந்தது என்பது என் கருத்து. விதி 33இன் அடிப்படையில் உங்கள் விளக்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். இனி மதிப்பீடு தனியறையில் நடந்தால் இளம் நடுவர்களுக்கு உதவியாக இருக்கும்.”

ஒப்புக்கொண்ட இரண்டை முதலில் எழுதியதுதான் கடிதத்தைப் படிக்க வைத்தது என்று பொறுப்பாளர் பிறகு சொன்னார். அடுத்த தொடரிலிருந்து ஸ்கோரர் அறையை மதிப்பீட்டுக்கு ஒதுக்கினார்கள். அந்தச் சார்ஜ் பற்றிப் பதில் வரவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

## படி 8: நோட்டில் ஏற்றுங்கள், மூன்று ஆட்டம் கழித்துப் பாருங்கள்

ஒவ்வொரு முரண்பாட்டுக்கும் நோட்டில் ஒரு வரி போதும். தேதி, குவார்ட்டர், நேரம், நான் நின்ற இடம், நான் கொடுத்தது, அப்சர்வர் சொன்னது, நான்கில் எந்த வகை, வீடியோ கிடைத்ததா. இதை அன்றன்று அலசாதீர்கள். மூன்று நான்கு ஆட்டம் சேர்ந்ததும் ஒருமுறை உட்கார்ந்து படித்துப் பாருங்கள். வெவ்வேறு அப்சர்வர்கள், ஒருவரையொருவர் பார்த்தேயிராதவர்கள், ஒரே விஷயத்தை எழுதியிருந்தால் அதற்கு மேல் வாதாட இடமில்லை.

என் நோட்டில் அப்படி வந்தது, “லீட், வலப்பக்க டிரைவ், நேர்கோடு” என்ற நான்கு சொல். ஐந்து ஆட்டத்தில் நான்கு தடவை. விதி எனக்குத் தெரியும், அளவுகோலும் சரியாகத்தான் இருந்தது, ஆனால் டிரைவ் தொடங்கியதும் என் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. விசில் இல்லாமல், பந்து இல்லாமல், காலியான கோர்ட்டின் எண்ட் லைனில் அந்த ஒரு அடியை மட்டும் பழகினேன். தினமும் காலையில் அரை மணி நேரம், இரண்டு வாரம்.

அடுத்த தொடரில் அதே அப்சர்வர் வந்திருந்தார், “அசையாம நின்னான்” என்று சொன்னவர். இரண்டாவது குவார்ட்டரில் வலப்பக்கத்திலிருந்து ஒரு டிரைவ். நான் ஒரு அடி நகர்ந்து இடைவெளியைப் பார்த்தேன். டிஃபெண்டர் நிலை எடுத்து, பின்னால் நகர்ந்து, நெஞ்சில் வாங்கினான். சார்ஜ் கொடுத்தேன். ஆட்டம் முடிந்து அவர் நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார்.

“இதுல அவன் நகர்ந்தான் தானே தம்பி?”

“நகர்ந்தான் சார்.”

“ம்.” பக்கத்தைத் திருப்பி அடுத்த ப்ளேக்குப் போனார்.